குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, நகர்வாசிகளே, வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு பத்து முறை கூடியது. மூன்றாம் குறுக்குத் தெரு மழைநீர் வடிகால் முடிந்தது. நான்காம் தெருவுக்கு மூன்று மனு கொடுத்தாயிற்று. நாய்த்தொல்லை அப்படியே இருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். எனக்கு ஒதுக்கிய நேரத்தை வேறொரு விஷயத்துக்கு எடுத்துக்கொள்கிறேன்.

போன பொதுக்குழுவின் குறிப்பேட்டில் 'இதர விஷயங்கள்' என்பதன் கீழ் ஒரே வரி இருக்கிறது: 'உறுப்பினர் ஒருவர் தகவல் கேட்டார்.' எழுதியவன் நான்தான். காராசேவும் காபியும் வந்த நேரத்தில் ஒரு அம்மா எழுந்து, "குடிக்கிறவங்க கூடிப் பேசி நிறுத்துற கூட்டம் எங்கேயோ நடக்குதாமே, யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார். டாஸ்மாக் எங்கே என்று கேட்டிருந்தால் நாலு பேர் குறுக்கு வழியே சொல்லியிருப்பார்கள். இதற்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை.

தேடுகிற வேலை என் தலையில் விழுந்தது. மூன்று வாரம் பிடித்தது. முதலில் கிடைத்த முகவரிக்குப் போனால், கூட்டம் இடம் மாறி வெகுநாளாயிற்று என்றார் காவலாளி. அதோடு இருந்த கைப்பேசி எண் உபயோகத்தில் இல்லை. கடைசியில் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் ஒரு நர்ஸம்மா, ஓ.பி. சீட்டின் பின்பக்கம் இடம், கிழமை, நேரம் மூன்றையும் எழுதிக் கொடுத்தார். போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446 என்பதையும் அவர்தான் சொன்னார்.

அந்தக் கூட்டத்தை நடத்துவது ஏ.ஏ. எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது பெயர் வெளியிடாத குடிநோயாளிகள். அதில் குடிநோயாளிகள் மட்டும் கூடும் கூட்டமும் உண்டு, யாரும் வரக்கூடிய திறந்த கூட்டமும் உண்டு. நான் போனது திறந்த கூட்டத்துக்கு. சர்ச் வளாகத்தில் சிறுபிள்ளைகளின் ஞாயிறு வகுப்பறை. குட்டி பெஞ்சுகளில் முழங்கால் இடிக்கப் பன்னிரண்டு பேர். ஒவ்வொருவரும் தன் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கினார்கள். யாரும் யாருக்கும் புத்தி சொல்லவில்லை. மகள் நிச்சயதார்த்தத்தன்று தான் எங்கே விழுந்து கிடந்தார் என்று ஒருவர் சொன்னபோது மற்றவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. முடிவில் ஒரு துணிப்பை சுற்றி வந்தது. நூறு ரூபாய் போட்டேன். பை வைத்திருந்தவர் அதை எடுத்து என் கையிலேயே வைத்து, "தப்பா நினைக்காதீங்க சார், வெளியாள்கிட்ட வாங்குறதில்லை" என்றார்.

அந்த அறையில் ட்யூஷன் தொடங்கவே, அவர்கள் நம் கூடத்தைக் கேட்டார்கள். செயற்குழுவில் இரண்டு மணி நேர விவாதம். மதப் பிரசாரமா என்று ஒருவர் கேட்டார். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஒரு அறுவை மருத்துவரும், இருவருமே குடியில் சீரழிந்தவர்கள், தங்களுக்குள் பேசப் போய் உண்டானது இது. 1957-இல் இந்தியாவுக்கு வந்தது. குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை ஒன்றே தகுதி. கடவுளை அவரவர் புரிந்துகொண்டபடி வைத்துக்கொள்ளலாம். தெரிந்துகொண்ட இவ்வளவையும் சொன்னேன். அதற்கெல்லாம் மசியாதவர்களை உதவித் தலைவர் ஒரே வாக்கியத்தில் மடக்கினார்: "குடிச்சிட்டு வர்ற கல்யாண கோஷ்டிக்கு ஹால் கொடுக்கிறோம், குடிக்காம இருக்க வர்றவங்களுக்குக் கொடுக்க மாட்டோமா?"

இலவசமாகத் தர முன்வந்தோம். அதையும் மறுத்துவிட்டார்கள். வாரம் 200 ரூபாய் வாடகை, ஒரு வாரமும் பாக்கி இல்லை. ரசீதில் 'பெயர்' என்ற இடத்தில் 'ஏ.ஏ. குழு' என்று மட்டும் இருப்பதைத் தணிக்கையாளர் கேட்டார். நபர் பெயர் கிடையாது, இனியும் இருக்காது.

ஒரு தவறையும் பதிவு செய்கிறேன். என்னுடையது. நம் நகரில் தினமும் குடித்துவந்த ஒருவரிடம், "இன்றைக்கே நிறுத்திவிட்டு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்" என்று பெரிய மனிதத் தோரணையில் சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் இரவு கைகால் நடுங்கி, சுவரில் பூச்சி ஊர்கிறது என்று அலற ஆரம்பித்துவிட்டார். ஆம்புலன்ஸில் கொண்டுபோய்ச் சேர்த்தோம், பிழைத்தார். வெகுகாலம் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பும் பிதற்றலும் வரலாம், உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் என்னை நிற்க வைத்துச் சொன்னார். மருத்துவரிடம்தான் முதலில் போக வேண்டும். கூட்டம் மருந்துக்கு மாற்று அல்ல. மாற்று என்று ஏ.ஏ. நண்பர்களும் சொல்லிக்கொள்வதில்லை. இப்போது அறிவிப்புப் பலகையில் கூட்ட நேரத்துக்கு மேலே அதுதான் எழுதியிருக்கிறது.

இந்த ஆண்டு பொருத்திய நான்கு கேமராக்களில் ஒன்று கூடத்தின் வாசலை நேராகப் பார்த்தது. அதை வாட்டர் டேங்க் பக்கம் திருப்பிவிட்டோம். ஞாயிறு மாலை 6 மணிக்கு மேல் ஷட்டில் ஆடுபவர்கள் ஜன்னல் பக்கம் போக வேண்டாம். யார் வருகிறார்கள் என்று என்னிடம் கேட்க வேண்டாம். அந்த அம்மாவின் வீட்டிலிருந்து யாராவது வருகிறார்களா என்பது எனக்கும் தெரியாது, அவரிடம் கேட்கவும் இல்லை. குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்ற தனிக் கூட்டம் உண்டு என்பதை மட்டும் சொன்னேன். அதற்கு இரண்டு பஸ் மாற வேண்டும். கிழமையைக் குறித்துக்கொண்டார்.

கூடத்தில் இரண்டு மின்விசிறிகளில் ஒன்றுதான் ஓடுகிறது. புதிதாக ஒன்று வாங்க 2,500 ரூபாய் ஒதுக்கும்படி தீர்மானத்தை முன்மொழிகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்