கிடேரிக் கன்றுகளின் மரு நோய்க்குச் சிகிச்சை வேண்டி மூன்றாம் முறையாக அளிக்கும் மனு

பெறுநர்: உதவி இயக்குநர் அவர்கள், கால்நடை பராமரிப்புத் துறை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தை மாதத்திலும் பங்குனியிலும் தங்கள் அலுவலகத்தில் நேரில் கொடுத்த மனுக்களுக்கு ஆனி பிறந்தும் பதில் வராததால், இதனைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன். ஏரிக்கரைத் தெரு தாங்கள் அறியாத இடமன்று. சென்ற கோமாரித் தடுப்பூசி முகாமைத் தாங்களே பால் சொசைட்டி வாசலில் நின்று நடத்தினீர்கள்.

1. எங்கள் தெருவில் இரண்டு வயதுக்கு உட்பட்ட 11 கன்றுகளுக்கு மரு கண்டுள்ளது.

2. அவற்றில் நான்குக்கு அடையாள எண் பொறித்த காது வில்லை குத்திய இடத்திலேயே முதல் மரு முளைத்தது. இது தொற்றும் வைரஸ் நோய் என்பதால், இனி ஒவ்வொரு கன்றுக்கும் கருவியை மருந்தில் முக்கியெடுத்த பிறகே பயன்படுத்த உத்தரவிட வேண்டுகிறேன்.

3. என் கிடேரிக்கு வயது 14 மாதம். ஐப்பசியில் காதோரம் மிளகளவு இருந்தது, இன்று கழுத்தில் காலிஃபிளவர் போலக் கொத்தாகத் தொங்குகிறது. கயிறு உரசினாலே இரத்தம் கசிகிறது, ஈ மொய்க்கிறது, வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் பூசிய கை காய்வதற்குள் காக்கை வந்து அதே இடத்தில் கொத்துகிறது. காக்கை விரட்டுவதற்காகவே என் மனைவி நூறு நாள் வேலைக்கும் போகாமல் பகலெல்லாம் குச்சியோடு தொழுவத்தில் உட்கார்ந்திருக்கிறாள். நேற்று முன்தினம் புழு வைத்துவிட்டது. சீத்தா இலைச் சாறு விட்டு ஒவ்வொன்றாக எடுத்தோம், அது வலி தாங்காமல் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றது.

4. மருந்தகத்தில் கேட்டால், "தானாக உதிர்ந்துவிடும்" என்கிறார்கள். பல கன்றுகளுக்குச் சில மாதங்களில் உதிரும் என்பதை நாங்களும் கண்டிருக்கிறோம், ஐயா. எட்டு மாதமாக உதிராமல் புழு வைத்த மருவுக்கும் அதே பதில்தானா? இது காம்புக்குப் பரவினால் நாளை எப்படிப் பால் கறப்பது? வெட்டி எடுக்கலாம், நூல் கட்டி விழச் செய்யலாம், ஊசி போடலாம், மருவையே அரைத்து, அதிலுள்ள வைரஸை ஃபார்மலின் என்ற கிருமிக்கொல்லிக் கரைசலில் செயலிழக்கச் செய்து அதே மந்தைக்குத் தடுப்பூசியாகப் போடலாம் என்று கால்நடை மருத்துவக் கல்லூரியில் சொன்னார்கள். இத்தனை வழி இருக்க, ஒரு மருத்துவர் வந்து தொட்டுப் பார்க்கவும் எட்டு மாதம் போதவில்லையா?

ஆகவே, இந்த வாரத்திலேயே ஒரு மருத்துவரை எங்கள் தெருவுக்கு அனுப்பி, முதலில் அந்தக் கிடேரியின் கழுத்து மருவை அகற்றித் தருமாறு மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். பிடித்துக் கட்ட ஆளும், வெந்நீரும், வெளிச்சமான இடமும் நாங்கள் தயாராக வைத்திருப்போம். மருத்துவர் மட்டும் வர வேண்டும், ஐயா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஏரிக்கரைத் தெரு மாடு வளர்ப்போர் சார்பாக