சான் பெட்ரோ ஆற்றுக்குப் போகுமுன்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அக்காவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. ஏப்ரல் கடைசியில் அரிசோனாவில் மகள் வீட்டுக்குப் போகும்போது சான் பெட்ரோவையும் பார்க்கப்போகிறாய் என்று எழுதியிருந்தாய். ஆற்றைப் பார்த்ததும் ‘இவ்வளவுதானா’ என்று திரும்பிவிடாதே. பல இடங்களில் முழங்கால் நனையாது. மெக்சிகோவில் பிறந்து வடக்கு நோக்கி ஓடும் இந்த ஆற்றில் மழையில்லாத நாளில் வருவதெல்லாம் நிலத்தடி ஊற்றுதான்.

விடிந்ததும் நீரோரம் ஒரு குச்சியை ஊன்றிவிட்டு, மாலையில் வந்து பார். மட்டம் சற்று இறங்கியிருக்கும். கரையில் நிற்கும் காட்டன்வுட் மரங்கள் பகலெல்லாம் குடிக்கும். இரவில் அவை ஓய்ந்ததும் நீர் மறுபடி ஏறும். வெயில் கூடக்கூட இந்த ஏற்ற இறக்கமும் கூடும்.

இந்த மரத்தின் விதை இலவம்பஞ்சு போலப் பறக்கும். உயிர் சில வாரம்தான். அதற்குள் வெள்ளம் வழித்துவிட்டுப்போன ஈர மணலில் விழ வேண்டும். முளைத்த பிறகு நீர்மட்டம் நாளுக்கு இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் இறங்கினால், வேரால் துரத்திப் பிடிக்க முடியாமல் கன்று கருகிவிடும். அதனால்தான் எனக்குக் கவலை. 1988-இல் சுமார் 57,000 ஏக்கரைக் காப்புநிலம் ஆக்கி, பெரும்பகுதியில் மாட்டு மேய்ச்சலை நிறுத்தியதும் கரை பச்சை பிடித்தது. இங்கே வேட்டையில் அழிந்துபோன பீவரையும் (ஓடையில் அணை கட்டும் கொறிவிலங்கு) 1999 முதல் கொண்டுவந்து விட்டார்கள். ஆனால் காப்புநிலத்துக்கு வெளியே நிலத்தடி நீரை உறிஞ்சும் பம்புகளை வேலி தடுக்காதே! 2005 ஜூலையில் ஆற்றின் ஓட்டத்தை அளக்கும் சார்ல்ஸ்டன் நிலையத்தில் ஓட்டமே நின்றது. அளவெடுக்கத் தொடங்கிய பிறகு அதுவே முதல் முறை.

சியரா விஸ்டாவிலிருந்து நெடுஞ்சாலை 90-இல் கிழக்கே போனால் சான் பெட்ரோ ஹவுஸ் என்ற பார்வையாளர் மையம் வரும். பத்து மணிக்குள் நடந்து முடித்துவிடு. சாம்பல் பருந்தைப் பார்க்கவும் அதுவே நேரம். முர்ரே ஸ்பிரிங்ஸையும் விட்டுவிடாதே. சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன் குளோவிஸ் மக்கள் என்ற பழங்கால வேட்டைக்காரர்கள், யானை இனத்து மாமூத்தை வேட்டையாடிய இடம் அது. ஓடைக்கரை வெட்டில் ஒரு கறுப்பு மண் படலம் தெரியும். மாமூத் எலும்பெல்லாம் அதற்குக் கீழேதான், மேலே ஒன்றும் கிடையாது.

பயணம் ஜூலைக்குத் தள்ளிப்போனால் படுகையில் இறங்காதே. தலைக்கு மேல் வானம் வெளுத்திருந்தாலும் தெற்கே மெக்சிகோவில் பெய்த மழை வெள்ளமாக வந்து சேரும்.

எந்த மணல்திட்டில் புதுக்கன்று நிற்கிறது என்று பார்த்து எழுது.

அன்புடன்,
உன் நண்பன்