120 துளைக்கு மேல் வேண்டாம்

லானார்க், ஒன்ராறியோ
தை மாதம், கடைசி வாரம்

அன்புள்ள சந்திரன்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு திரும்பவும் சைக்கிள் ஓடுகிறாய் என்பதை மனிசிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் நம்பவில்லை, சந்திவரைக்கும் உருட்டிக்கொண்டு போயிருப்பார் என்கிறாள். மகளின் கலியாணம் ஆவணியில் என்றால் இருவரும் கட்டாயம் வருவோம். பங்குனியில் மட்டும் எதையும் வைத்துவிடாதே. அந்த மாதம் யார் வீட்டுக் கொண்டாட்டமானாலும் என்னைக் காட்டைவிட்டுக் கிளப்ப ஏலாது.

நீ கேட்டதற்கு வருகிறேன். பக்கத்துக் கிழவர் குத்தகைக்குத் தந்த காட்டில் 300 மேப்பிள் மரம் நிற்கும்போது, நீர் இறக்கிப் பாணி காய்ச்ச 120 துளையோடு ஏன் நிற்கிறாய் என்று எழுதியிருந்தாய். பனையில் இறக்கின கருப்பநீர் காய்ச்சுகிறவன் நீ, கணக்குச் சொன்னால் உனக்கு விளங்கும். உன் கருப்பநீரில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சீனி இருக்கும். மேப்பிள் நீரில் சராசரி இரண்டு பங்குதான். நாவில் விட்டால் பச்சைத் தண்ணீர்; விழுங்கிய பிறகுதான் லேசாக ஒரு இனிப்புத் தெரியும். 86ஐ அந்தச் சீனி வீதத்தால் பிரி என்று இங்கே ஒரு பழைய வாய்பாடு உண்டு. இரண்டு வீதமென்றால் 43 வரும். ஒரு லீற்றர் பாணிக்கு 43 லீற்றர் நீர் அடுப்பில் ஏறவேண்டும்.

என் தட்டம் இரண்டு அடி அகலம், ஆறு அடி நீளம். நல்ல விறகு வைத்து, கண் மூடாமல் பார்த்துக்கொண்டால் மணிக்கு ஐம்பது லீற்றர் அளவு ஆவியாகும். நீர் நன்றாக ஓடுகிற ஒரு நாளில் ஒரு துளையிலிருந்து ஆறேழு லீற்றர் வரும். 120 துளை என்றால் 800 லீற்றரைத் தொடுகிறது. பதினாறு மணித்தியாலம் அடுப்படியில் நிற்கவேண்டும். அடுத்த நாளும் ஓடினால் அதே கதை. நீரைத் தேக்கிவைக்கவும் முடியாது, வெயில் ஏறினால் பால்போலக் கலங்கிப் புளிக்கத் தொடங்கிவிடும். 300 துளை என்றால் இந்தக் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று நீயே பார். மரம் எவ்வளவு தருகிறது என்பதல்ல இங்கே விஷயம், அடுப்பு எவ்வளவு குடிக்கிறது என்பதுதான்.

அதற்காக ஒன்றும் மாற்றாமலும் இல்லை. இந்த முறை சவ்வால் தண்ணீரை வடிக்கிற ஆர்.ஓ. இயந்திரம் ஒன்று சின்னதாக வாங்கியிருக்கிறேன். உங்கள் பக்கம் குடிதண்ணீருக்கு வைத்திருப்பதேதான், இங்கே தலைகீழாகப் பாவிக்கிறோம்: வடிந்து வரும் சுத்தத் தண்ணீரைக் கழித்துவிட்டு, மிச்சம் நிற்கிற சீனி நீரை எடுத்துக்கொள்கிறோம். இரண்டு வீதச் சீனியை நாலு வீதம் ஆக்கினாலே அடுப்புக்குப் போகும் தண்ணீர் பாதியாகிவிடும். பெரிய பண்ணைக்காரர் இன்னும் மிகக் கூட்டி எடுப்பார்கள், எனக்கு நாலு போதும். கிழவருக்கு இதில் துளியும் விருப்பமில்லை. நெருப்பில் நின்று வற்றினால்தான் நிறமும் மணமும் பிடிக்கும், மெசினில் வடித்தது பாணியே இல்லை என்கிறார். வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் ப்ராக்டர் ஆய்வு நிலையத்தார் இரண்டு விதமாகவும் காய்ச்சிப் பார்த்துவிட்டு, பெரிய வித்தியாசமில்லை என்று எழுதிவிட்டார்கள். அவருக்கு அதைச் சொன்னேன். அவர்கள் நாக்கு வேறு, என் நாக்கு வேறு என்றார். அதற்கு மேல் என்ன கதைக்கிறது? இயந்திரத்தின் சவ்வு ஒருதரம் உறைந்தால் குப்பைதான் என்பதால் அதை வீட்டு நிலவறையில் உடுப்புத் தோய்க்கிற மெசினுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். மனிசியின் முகம் எப்படியிருந்திருக்கும் என்று நீ யோசித்துக்கொள். துளையைக் கூட்ட நான் அதை வாங்கவில்லை. இரவு பத்து மணிக்காவது படுக்கவேண்டும் என்றுதான் வாங்கினேன்.

வேர் நீரை மேலே தள்ளுகிறதாக்கும் என்று எழுதியிருந்தாய். அப்படியல்ல. இலையே இல்லாத காலம் இது, வேருக்கும் பெரிய வேலையில்லை. மரத்தின் நார்க்கலங்களுக்குள்ளே வாயு இருக்கிறது. இரவில் குளிர் பூச்சியத்துக்குக் கீழே இறங்கும்போது பக்கத்து நீர் அதற்குள் இழுபட்டு உறைந்து, அந்த வாயுவை நெருக்கி அடைத்துவிடும். பகலில் இளகும்போது வாயு விரிந்து நீரை வெளியே உந்தும். துளை இருந்தால் அதால் சொட்டும். அதனால்தான் இரவு மைனஸ் ஐந்து, பகல் பிளஸ் ஐந்து என்று மாறி மாறி வரும் சில கிழமைகளே எங்கள் பருவம். ஒரேயடியாகக் குளிர்ந்தாலும் ஓடாது, ஒரேயடியாகச் சூடானாலும் ஓடாது. உன்னைப்போல முட்டிக்குச் சுண்ணாம்பு பூசும் வேலை எங்களுக்கு இல்லை; புளிக்காமல் காக்கிற வேலையைக் குளிரே செய்கிறது. இது அல்கொன்குவின் என்ற பூர்வகுடி மக்களின் நிலம். மரத்து நீரைக் காய்ச்சுகிற வித்தையை வந்தேறிய வெள்ளையர் கற்றது இந்த மக்களிடம்தான். அவர்கள் பாணியோடு நிற்காமல் கட்டிச் சீனியாகவே இறுக்கி, பேர்ச் மரப்பட்டையில் செய்த பெட்டிகளில் வைத்தார்கள். உன் பனங்கட்டிக் குட்டானுக்குச் சொந்தக்காரர்தான்.

இப்போது நடக்கிற அலுவல் குழாய்தான். பாதி மரத்துக்கு வாளி, மேட்டில் நிற்கிற பாதிக்குக் குழாய். அந்த மேடு பத்து மீற்றருக்கு மேல் சரிகிறது, அதனால் பம்ப் இல்லாமலே ஒரு காரியம் நடக்கிறது: 3/16 அங்குலக் குழாய், அதாவது ஐந்து மில்லிமீற்றர்கூட வராத ஒடுக்கக் குழாய், அதற்குள் நீர் இடைவிடாமல் நிரம்பித் தொங்கி, தன் பாரத்தாலேயே மேலேயுள்ள துளைகளை உறிஞ்சும். மின்சாரமும் வேண்டாம், சத்தமும் இல்லை. ஆனால் ஒடுக்கம் என்பதால் பாசிபோல ஒரு வழுவழுப்பு வளர்ந்து இரண்டொரு வருடத்தில் அடைத்துவிடும். பருவம் முடிந்ததும் குளோரின் மருந்து விட்டு ஊறவைத்துக் கழுவவேண்டும். அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கடையில் விற்கும் சாதாரண புளீச் சோடியம் சேர்ந்தது. கழுவின பிறகும் குழாயில் அந்த உப்பு தங்கும், அணில்கள் அதற்காகவே வந்து குழாயைக் கடித்துத் துண்டாக்கும். கல்சியம் சேர்ந்ததைப் பாவித்தால் அவ்வளவு வராது. வராது என்றேனே தவிர, இங்கத்தைய அணில் உன் வளவு அணிலைப்போல மரியாதை தெரிந்தது இல்லை.

குழாய் வழியே நடந்து போகும்போது மேலே பார்த்து நடக்கவேண்டும். 2022 வைகாசி 21ஆம் திகதி இந்தப் பக்கமெல்லாம் அடித்துப் போன புயற்காற்று உனக்கு நினைவிருக்கும், அன்று ரெலிபோன் வேலைசெய்யாமல் நீ பயந்துபோனாய். அன்றைக்கு முறிந்து பக்கத்து மரத்தில் மாட்டிக்கொண்ட கொப்புகள் இன்னும் சில தொங்குகின்றன. பனிப் பாரத்தில் எந்த நேரமும் விழும். கிழவர் அதைவிட 1998 தை மாதத்து உறைபனி மழையைத்தான் கதைப்பார். ஒவ்வொரு கொப்பும் கண்ணாடிபோல உறைந்து பாரம் தாங்காமல் முறிந்ததாம், இரவு முழுக்கத் துவக்குச் சத்தம் கேட்டதுபோல இருந்ததாம். அன்று முடி இழந்த மரங்களை இன்றைக்கும் கைநீட்டிக் காட்டுவார். அவற்றில் சிலவற்றுக்கு நான் துளை போடுவதே இல்லை. அவரும் போடச் சொல்லமாட்டார்.

300 நின்றாலும் 120 தான் என்பதற்கு மற்றக் காரணம் இதுதான். நெஞ்சு உயரத்தில் 25 சென்ரிமீற்றர் விட்டம் வராத மரத்தைத் தொடக்கூடாது. துளை என்பது காயம். மரம் அதைச் சுற்றி உள்ளே சுவர் கட்டி அடைத்துவிடும். அந்த அடைப்பு துளைக்கு மேலும் கீழும் நீளமாக ஓடும், அடைபட்ட அந்தக் கீற்றிலிருந்து பிறகு ஒரு சொட்டும் வராது. அதனால் வருடா வருடம் பழைய தழும்புக்குத் தள்ளி, புதுப் பக்கத்தில் துளைக்கவேண்டும். துரப்பணம் கழித்துத் தள்ளுகிற தூள் வெள்ளையாக வந்தால் சரி. மண்ணிறமாக வந்தால் செத்த கட்டைக்குள் போகிறாய் என்று அர்த்தம். நாலு சென்ரிமீற்றர் ஆழம், நீர் வடிய ஒரு நூல் மேல்நோக்கிய சாய்வு, நீர் வடிகிற சின்னக் குழலான தூம்பைத் துளைக்குள் வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டவேண்டும். சத்தம் மாறும்போது நிறுத்தவேண்டும். அதற்குமேல் ஒரு அடி கொடுத்தாலும் மரம் வெடிக்கும்.

எப்போது துளைப்பது என்பதில்தான் இங்கே எல்லாருக்கும் சண்டை. முந்தி இந்தப் பக்கத்தில் பங்குனி பிறந்தால்தான் துரப்பணத்தைக் கையில் எடுப்பார்களாம். இப்போது மாசி நடுவிலேயே இளக்கம் வந்து போகிறது; பயந்துபோய் தை மாதமே துளைத்து முடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் துளை உள்ளவர்களுக்கு வேறு வழியில்லை, துளைத்து முடிக்கவே பல நாள் வேண்டும். ஆனால் ஒரு துளைக்கு ஆயுள் ஆறு கிழமை அளவுதான், பிறகு கிருமி சேர்ந்து தானே அடைபடும். முந்தித் துளைத்தவனுக்கு மாசி இளக்கம் கிடைக்கும், பங்குனிக் கடைசி ஓட்டம் போய்விடும். எனக்கு 120 துளை. மனிசியும் பக்கத்து வீட்டுப் பெடியனும் வந்தால் ஒரு பகலில் முடியும். அதனால் வானிலையைப் பார்த்துக்கொண்டு மாசிக் கடைசிவரை இருக்க எனக்கு வசதி. சின்னதாக இருப்பதில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

விறகு தயார். புயலில் விழுந்ததும், வண்டு அரித்துச் செத்த ஆஷ் மரமும் இரண்டு வருடமாகக் கொட்டிலில் காய்ந்து கிடக்கின்றன. மணிக்கட்டுப் பருமனுக்குக் கொத்தி வைத்திருக்கிறேன். பெரிய கட்டை எரிகிற வேகம் இதற்குப் போதாது. சின்னச் சின்னதாக, அடிக்கடி போட்டு, கொதிப்பு ஒரு நிமிடமும் தணியாமல் பார்க்கவேண்டும். தட்டத்தில் தண்ணீர் நிரப்பிக் கொதிக்கவைத்து ஒழுக்கும் பார்த்துவிட்டேன், ஒழுக்கில்லை. கிழவர் தன் தகப்பன் காலத்துத் தட்டத்தைப் பரணிலிருந்து இறக்கித் தந்தார். பார்க்க அழகு. ஆனால் அந்தக் காலத்துப் பற்றாசில் ஈயம் இருக்கும், அது பாணியில் இறங்கும். அதைச் சுவரில் மாட்டிவைத்திருக்கிறேன், அவர் மனமும் நோகவில்லை.

பதம் எப்படித் தெரியும் என்று கேட்டிருந்தாய். நீ அகப்பையைத் தூக்கிப் பார்ப்பதுபோலத்தான் கிழவரும் பார்க்கிறார்: துளித்துளியாகச் சொட்டாமல் விளிம்பில் இரண்டு துளி சேர்ந்து தகடாக இழுபடவேண்டும். நான் வெப்பமானியை நம்புகிறவன். தண்ணீர் கொதிக்கிற பாகைக்கு மேலே நாலு பாகை ஏறினால் பாணி. ஆனால் தண்ணீர் எப்போதும் நூறிலேயே கொதிப்பதில்லை, காற்றழுத்தத்தோடு மாறும். அன்றன்றைக்குத் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பார்த்தபிறகுதான் நாலைக் கூட்டவேண்டும். கடைசியில் சீனி அளக்கிற மிதமானி 66 வீதத்துக்குக் குறையாமல் காட்டவேண்டும், குறைந்தால் பாணி என்று சொல்லி விற்கமுடியாது. பொங்கி வந்தால் ஒரு துளி வெண்ணெய், அடங்கிவிடும். பிறகு கம்பளித் துணியில் வடிப்பு. அந்தத் துணியைச் சவர்க்காரம் போட்டுத் தோய்த்தால் அந்த வருடப் பாணி முழுக்கச் சவர்க்காரம்தான் மணக்கும், வெந்நீர் மட்டுமே.

களஞ்சியத்திலிருந்து பாணியைத் திருடினார்கள் என்று பேரன் சொன்னது உண்மைதான், கட்டுக்கதையல்ல. உலகத்து மேப்பிள் பாணியில் நூற்றுக்கு எழுபது அளவு கியூபெக் மாகாணத்தில் வருகிறது. விளைச்சல் குறைந்த வருடத்துக்கென்று அங்கே உற்பத்தியாளர் அமைப்பு பீப்பாய் பீப்பாயாகச் சேமித்து வைக்கும். 2011, 2012இல் ஒரு கும்பல் அதிலிருந்து ஏறக்குறைய 3000 தொன்னை மெல்ல மெல்ல இறக்கி, சில பீப்பாய்களில் தண்ணீரை நிரப்பி, சிலதை வெறுமையாகவே விட்டது. கணக்கெடுக்க ஏறினவர் காலடியில் ஒரு வெறும் பீப்பாய் ஆடப்போய்த்தான் பிடிபட்டது. பெறுமதி 18 மில்லியன் டொலருக்கு மேல். என் போத்தல்களை ஒருவரும் திருடமாட்டார்கள், நல்ல வருடத்திலும் நூறு லீற்றர் அளவுதான். பாதி சொந்தக்காரர் வீட்டுக்கே போய்விடும்.

மொட்டு வீங்கத் தொடங்கினால் பாணியில் ஒரு கெட்ட வாடை ஏறும், அன்றைக்கே தூம்பைக் கழற்றிவிடுவேன். குளத்தில் சின்னத் தவளைகள் கத்தத் தொடங்கினால் இனி அதிக நாளில்லை என்பது கிழவரின் கணக்கு. அதில் மட்டும் நானும் அவரும் ஒத்துப்போகிறோம்.

மனிசியின் தம்பி வருகிற கிழமை யாழ்ப்பாணம் வருகிறான். அவனிடம் போன பருவத்துப் பாணி இரண்டு போத்தல் கொடுத்துவிடுகிறேன். கடைசி ஓட்டத்தில் எடுத்த கறுத்தப் பாணி. வெளிர்நிறத்துக்குத்தான் இங்கே மவுசு கூட, ஆனால் பனங்கட்டி தின்று வளர்ந்த வாய்க்கு அது சப்பென்று இருக்கும். திறந்தபிறகு கட்டாயம் பிரிட்ஜில் வை, இல்லாவிட்டால் மேலே பூஞ்சணம் பூக்கும். உன் சங்கத்துக்காரர் யாருக்காவது கருப்பநீரை ஆர்.ஓ.வில் விட்டுப் பார்த்த அனுபவம் இருந்தால் விசாரித்து எழுது. சுண்ணாம்பு சேர்ந்த நீர் அந்தச் சவ்வை என்ன பாடுபடுத்தும் என்று அறிய எனக்கு ஆவல். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
உன் பழைய கூட்டாளி
குமார்