பொங்கலுக்கு டப்பா அனுப்பாதடா தம்பி

தம்பி, நல்லா இருக்கியா, பாப்பாவுக்கு சளி விட்டுச்சா. நேத்து போன்ல கேட்டியே, போன வருஷம் மாதிரி பொங்கல் காம்போ ஆர்டர் போட்டு விடவான்னு, வேணாம்டா. போன்ல சொன்னா பாதியிலயே "சரிம்மா மீட்டிங்"னு வச்சிடுவ, அதான் டைப் பண்றேன், பொறுமையா படி.

அந்த டப்பாவுல என்னா வந்துச்சுன்னு நீ பாக்கவே இல்லையே. முழங்கை நீளத்துக்கு வெட்டுன ரெண்டு துண்டு கரும்பு, மேல பிளாஸ்டிக் பேப்பர் சுத்தி, வெட்டுன எடமெல்லாம் காஞ்சு போயி. மஞ்சக்கொத்துல பேருக்கு ஒரு பொட்டு மண்ணு கெடையாது. பானைக்கு வார்னிஷ் அடிச்சு பூ வரைஞ்சிருக்கான், அடுப்புல ஏத்துனா பெயிண்ட் நாத்தம்தான் பொங்கும். கூடவே ஒரு அட்டை, பால் பொங்கும்போது "பொங்கலோ பொங்கல்" என்று சொல்லவும்னு அச்சடிச்சு. அப்பா அத சத்தமா படிச்சுக் காட்டி சிரிச்சாரு பாரு, பக்கத்து வீட்டுல இருந்து என்னான்னு எட்டிப் பாத்தாங்க.

கடலூருக்கு கொரியர்ல கரும்பு வருதுடா! குள்ளஞ்சாவடி, பாலூர் பக்கம் போனா ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் பன்னீர் கரும்புதான். பத்து மாசம் தண்ணி கட்டி சோகை உரிச்சு வளக்குறாங்க, போணியாவுறது என்னமோ பொங்கல ஒட்டி நாலு நாளு, அத வுட்டா மாடுதான் திங்கும். 2023 பொங்கலுக்கு ரேஷன் பரிசுல மொதல்ல கரும்பு இல்லன்னு அறிவிச்சதும் வெவசாயிங்க தெருவுக்கு வந்து நின்னாங்களே, அப்புறம்தான முழுக்கரும்ப சேத்தாங்க.

யாவாரமே கூடாதுன்னு சொல்ல வரலடா. நம்ம ஆத்துத் திருவிழாவுல யாவாரம் இல்லாமலா இருக்கு, தை அஞ்சுக்கு பெண்ணையாத்து மணல்ல வளையல் கட, பஜ்ஜி கட, ராட்டினம், பொம்ம விக்கிறவன் ஊதல் சத்தம், காது அடைச்சிக்கும். சுத்துப்பட்டு சாமியெல்லாம் வந்து எறங்கும், சாமிய பாத்த கையோட நம்ம போயி நிக்கிறது சிறுவள்ளிக்கெழங்கு கொட்டி வச்சிருக்கிற எடத்துலதான். மண்ணும் வேருமா முடி மொளச்ச மாதிரி கெடக்கும், பாக்க நல்லாவே இருக்காது, உப்பு போட்டு வேகவச்சு தோல உரிச்சா வெரலெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டும், சின்னதுல உனக்கு நான் உரிக்க உரிக்க தட்டு காலியாவும். கெழங்கு வாங்காம வந்தா திருவிழாவுக்கு போனதா நம்ம வீட்டுல கணக்கே கெடையாது. அங்க கூட்டம் வருதுன்னுதான் கட போடுறான், அதுல எனக்கு ஒரு கொறையும் இல்ல. இப்ப என்னடான்னா நியூ இயர் ஆஃபர் பேனர கழட்டி அதே ஆணியில பொங்கல் ஆஃபர மாட்டுறான், எனக்கு முன்னாடி என் போனுக்கு பண்டிக தெரிஞ்சிடுது. அட்சய திருதியைக்கு குண்டுமணி தங்கமாவது வாங்கணும்னு எங்கம்மா ஒரு நாளும் சொன்னதில்ல, அது கடக்காரங்க வளத்து வுட்ட பழக்கம் (அதுக்கு உங்க சித்தி ஒவ்வொரு வருஷமும் க்யூவுல நிக்கிறா, அது வேற கத).

ஃபெஞ்சல் புயல் வந்துச்சே 2024ல, அப்ப டிசம்பர் மொத வாரம் பெண்ணையாத்துல சாத்தனூர் டேம் தண்ணியும் சேந்து வந்து ஆத்தோரத்து ஊரு உப்பலவாடி, நாணமேடு எல்லாம் மூழ்கிப் போச்சு. மறு மாசமே தை அஞ்சு. வருவாங்களான்னு நெனச்சேன், வீட்டுக்குள்ள சேறு வழிச்சிப் போட்ட சனங்களே வந்து ஆத்துல கற்பூரம் காட்டுச்சு. பக்கத்துல நின்ன ஒரு அம்மாகிட்ட கோவம் வரலையான்னு கேட்டேன், "ஆத்து மேல என்னாத்துக்கு கோவம், நம்ம கெணத்துல தண்ணி கெடக்குறதே அதாலதான"ன்னாங்க. டப்பாவோட வந்த அட்டையில சூரியனுக்கு நன்றி, மாட்டுக்கு நன்றின்னு எல்லாம் இருந்துச்சு, ஆத்த பத்தி ஒரு வரி இல்ல. எங்கயோ உக்காந்து அச்சடிக்கிறவனுக்கு நம்ம ஆத்த பத்தி என்னா தெரியும்.

அதனால பொங்கலுக்கு மருமக வீட்டுக்கு போறதுன்னா தாராளமா போங்க, நான் மூஞ்ச தூக்க மாட்டேன். அங்கயும் வாசல்ல கரும்பு விக்கிறவன்கிட்ட முழுக்கட்டா வாங்கு, பேரம் பேசாத. தை அஞ்சுக்கு மட்டும் பாப்பாவ தூக்கிட்டு இங்க வந்துடு, 19ஆம் தேதி திங்கக்கெழம வருது, லீவு இப்பவே கேட்டு வை. ஞாயித்துக்கெழம ராத்திரி ஊரே பெங்களூருக்கு திரும்பும், நீ எதிர்ல வர்றதால பஸ்ல சீட்டு ஈசியா கெடைக்கும். காம்போ காச டிக்கெட்டுக்கு போடு. பாப்பாவுக்கு குல்லா எடுத்துட்டு வா, ஆத்தோரம் சாயங்காலம் காத்து அடிக்கும். டிக்கெட்ட அப்பா நம்பருக்கு அனுப்பு, என் போன்ல பிடிஎஃப் தொறக்க மாட்டேங்குது.

அம்மா