பொறியியல் பாடத்தில் கணக்கு, மென்பொருள், ஆய்வுக்கூடம்: எது முன், எது பின்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ பொறியியல் படிக்க விரும்பும் பிள்ளைகளின் பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எல்லாவற்றுக்கும்தான் மென்பொருள் வந்துவிட்டதே, மடிக்கணினியிலேயே மின்சுற்றை வரைந்து ஓட்டிப் பார்த்துவிடலாமே, ஆய்வுக்கூடத்தில் மூன்று மணி நேரம் நிற்பது எதற்கு?" நியாயமான கேள்விதான். அதற்குப் பதில், மென்பொருளை எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதில் இருக்கிறது. முதலில் காகிதத்தில் கணக்கு, அடுத்து மென்பொருள், பிறகு ஆய்வுக்கூட மேசையில் அளவீடு, அதன் பிறகு மறுபடியும் மென்பொருள். இந்த நான்காவது படி பல பாடத்திட்டங்களில் விட்டுப்போகிறது. அதைச் சேர்க்க வேண்டும் என்று வலியுறுத்தவே இந்தக் கடிதம்.

மின்னணுவியல் மாணவர் முதல் ஆண்டிலேயே செய்யும் ஆர்சி வடிகட்டியை எடுத்துக்கொள்வோம். 10 கிலோ ஓம் மின்தடை (ஆர்) ஒன்று, 10 நானோஃபாரட் மின்தேக்கி (சி) ஒன்று; மின்தேக்கியின் முனைகளில் வெளியீடு. ஒன்றை 2 பை ஆர் சி-யால் வகுத்தால் வெட்டு அதிர்வெண், அதாவது வெளியீடு 0.707 மடங்காகக் குறையும் அதிர்வெண், 1,592 ஹெர்ட்ஸ். எல்டிஸ்பைஸ் என்ற மின்சுற்று மென்பொருளில் வரைந்து ஓட்டினாலும் அதே 1,592 வரும். இரண்டும் ஒத்துப்போகின்றன என்று மாணவர் அறிக்கையை முடித்துவிடுகிறார். உண்மையில் அங்கே எதுவும் சோதிக்கப்படவில்லை. காகிதத்தில் போட்ட கணக்கையே கணினி இன்னொரு முறை போட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

சிம் லிம் டவரில் சில காசுக்கு வாங்கும் மின்தடை 5 விழுக்காடு கூடவோ குறையவோ இருக்கலாம். 103 (அதாவது 10 நானோஃபாரட்) என்று அச்சிட்ட மின்தேக்கி 10 விழுக்காடு விலகலாம். இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்தால் வெட்டு அதிர்வெண் 1,378 முதல் 1,861 ஹெர்ட்ஸ் வரை எங்கு வேண்டுமானாலும் விழும். மேசையில் 1,450 என்று வந்தால் பல மாணவர்கள் அதை அழித்துவிட்டு 1,590 என்று எழுதுகிறார்கள், மதிப்பெண் போய்விடுமோ என்ற பயத்தில். இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அந்த 1,450தான் அன்றைக்கு அவருக்குக் கிடைத்த ஒரே புதுச் செய்தி. மல்டிமீட்டரை எடுத்து அதே மின்தடையையும் அதே மின்தேக்கியையும் அளந்து, அந்த எண்களைச் சூத்திரத்தில் போட்டால் 1,450 எங்கிருந்து வந்தது என்று அவரே கண்டுபிடித்துவிடுவார்.

இதே சோதனையைச் சற்று மாற்றினால் இன்னும் ஆழமான பாடம் கிடைக்கும். மின்தடையை 1 மெகா ஓம் ஆக்குங்கள், மின்தேக்கியை 100 பிக்கோஃபாரட் ஆக்குங்கள். பெருக்குத்தொகை மாறவில்லை, ஆகவே கணக்கில் 1,592 ஹெர்ட்ஸ்தான். மென்பொருளிலும் அதேதான். இப்போது, மின்னலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பின் புரோபை (சுற்றைத் தொடும் அளவீட்டுக் கம்பியை) ஒரு மடங்கு நிலையில் வைத்து வெளியீட்டைத் தொடுங்கள். அதிர்வெண்ணை எவ்வளவு குறைத்தாலும், 50 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவந்தாலும், உள்ளே போகும் அலையில் பாதி உயரம்தான் திரையில் தெரியும். சுற்றில் பிழையில்லை, இணைப்பிலும் பிழையில்லை. அந்த நிலையில் ஆசிலோஸ்கோப்பின் நுழைவாயிலே 1 மெகா ஓம். கேபிளும் சேர்ந்து சுமார் 100 பிக்கோஃபாரட். அளக்க வந்த கருவி சுற்றின் ஓர் உறுப்பாகிவிட்டது. புரோபைப் பத்து மடங்கு நிலைக்கு மாற்றினால் நுழைவாயில் 10 மெகா ஓம் ஆகும், கொள்ளளவும் 15 பிக்கோஃபாரட் அளவுக்கு இறங்கிவிடும், அலையின் உயரம் பத்தில் ஒன்பது பங்குக்கு ஏறும். மாற்றியதும் ஆசிலோஸ்கோப்பின் முகப்பில் உள்ள 1 கிலோ ஹெர்ட்ஸ் சதுர அலையில் புரோபை மாட்டி, விளிம்புகள் நிமிரும்வரை அதன் சிறு திருகைச் சரிசெய்வதை மறக்கக்கூடாது.

இங்கேதான் நான்காவது படி வருகிறது. மாணவர் மடிக்கணினிக்குத் திரும்பிப்போய் வெளியீட்டோடு 1 மெகா ஓம் மின்தடையையும் 100 பிக்கோஃபாரட் மின்தேக்கியையும் பக்க இணைப்பாகச் சேர்த்து மறுபடி ஓட்ட வேண்டும். மேசையில் கண்ட பாதி உயரம் இப்போது கணினியிலும் வரும். விட்டுப்போனது எது என்று கண்டுபிடித்து, அதைத் தன் கையாலேயே மாதிரிக்குள் வைத்த மாணவர், 'சுமையேற்றம்' என்ற சொல்லை இனி மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

அடுத்த வாரமே அந்த அறிவைப் பயன்படுத்தச் சொல்லலாம். பழைய 10 கிலோ ஓம், 10 நானோஃபாரட் வடிகட்டிகள் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக மாட்டச் சொல்லுங்கள். 1,592 ஹெர்ட்ஸில் ஒவ்வொன்றும் 0.707 மடங்காகக் குறைக்கும், ஆகவே இரண்டும் சேர்ந்து பாதி என்று பெரும்பாலோர் கணக்கிடுவார்கள். மேசையில் வருவது மூன்றில் ஒரு பங்கு. இரண்டாவது வடிகட்டி முதலாவதை இழுத்துக் கீழே இறக்குகிறது. நடுவில் ஓர் ஆப்-ஆம்பை (பெருக்கிச் சில்லை) பஃபராக, அதாவது முதலாவதன்மேல் சுமை விழாமல் தடுக்கும் இடைச்சுவராக, வைத்தால் அவர்கள் எதிர்பார்த்த பாதி வந்துவிடும். பஃபர் இல்லாதபோது மொத்த வெட்டு அதிர்வெண் 596 ஹெர்ட்ஸ், இருக்கும்போது 1,024 ஹெர்ட்ஸ். ஆப்-ஆம்ப் எதற்கு என்று ஒரு மணி நேரம் விரிவுரை ஆற்றினாலும் இந்த இரண்டு எண்கள் சொல்லும் அளவுக்குச் சொல்ல முடியாது.

மென்பொருளுக்கே உரிய, ஆளைச் சிக்கவைக்கும் பொறிகளையும் பாடமாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இன்று புழங்கும் பெரும்பாலான சுற்று மென்பொருள்களுக்கு மூலமான ஸ்பைஸ், கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1973இல் வெளிவந்தது. அதன் பழைய வழக்கங்கள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு மெகா ஓம் என்று நினைத்து எண்ணுக்குப் பின்னால் 'எம்' என்று ஓரெழுத்தைத் தட்டினால் அது மில்லி ஓம் என்றே எடுத்துக்கொள்ளும், பெரிய எழுத்தாக இருந்தாலும். மெகாவுக்கு 'எம்', 'இ', 'ஜி' என மூன்று எழுத்துகளும் வேண்டும். ஒரு ஃபாரட் என்று எண்ணி 'எஃப்' போட்டால் அது ஃபெம்டோ, அதாவது பத்தின் மைனஸ் பதினைந்தாம் அடுக்கு. பிழைச் செய்தி எதுவும் வராது. அழகான வரைபடத்தில் தவறான விடை வரும். இன்னொன்று, அலையியற்றி, அதாவது தானாகவே அலையை உண்டாக்கும் சுற்று. இரண்டு டிரான்சிஸ்டர்களைக் கொண்டு சமச்சீராக வரைந்த அலையியற்றி கணினியில் தொடங்காமல் நேர்கோடாகவே கிடக்கலாம், ஏனென்றால் அங்கே இரைச்சல் கிடையாது, இரண்டு டிரான்சிஸ்டர்களும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும். மேசையில் அதே சுற்று மின்சாரம் கொடுத்த மறுகணமே ஆடத் தொடங்கும். தொடக்க மதிப்பு ஒன்றைக் கொடுத்து உசுப்ப வேண்டும் என்று தெரியாத மாணவர், நல்ல சுற்றைக் கலைத்துவிட்டு வேறொன்றை வரையத் தொடங்கிவிடுவார்.

மேசையின் பொறிகள் வேறு. சோதனைக்கு அலை தரும் ஃபங்ஷன் ஜெனரேட்டரில் 1 வோல்ட் வைத்தால் ஆசிலோஸ்கோப்பில் 2 வோல்ட் தெரிகிறது என்று மாணவர்கள் கைதூக்குவது வழக்கம். ஜெனரேட்டரின் உள்தடை 50 ஓம். எதிரிலும் 50 ஓம் சுமை இருக்கும் என்று எண்ணியே அதன் திரை எண்ணைக் காட்டுகிறது. சுமையை 'உயர் தடை' என்று அமைப்பில் மாற்றினால் சரியாகிவிடும். பற்றவைக்காமல் உறுப்புகளைச் செருகும் நீளமான பிரெட்போர்டுகள் பலவற்றில் ஓரத்து மின்வழங்கல் கோடு நடுவில் அறுந்திருக்கும். பாதிச் சுற்றுக்கு மின்சாரமே போகாது. தடித்த கம்பியை ஒருமுறை திணித்த துளையில் வில் தளர்ந்துவிடும், பிறகு மெல்லிய கால்கள் தொட்டும் தொடாமலும் நிற்கும். புரோபின் முனையை விரலால் தொட்டால் 20 மில்லி விநாடிக்கு ஒருமுறை எழும் அலை தெரியும். அது நம் சுவரில் ஓடும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் நிழல். எந்த மென்பொருளும், நாம் சொல்லாமல், அதைக் காட்டாது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மேசை ஆசிலோஸ்கோப்பின் கறுப்புக் கவ்வி, மூன்று முள் பிளக்கின் எர்த்தோடு நேரே இணைந்தது. நிலம் (சுற்றின் பூஜ்ய வோல்ட் கோடு) அல்லாத புள்ளியில் அதை மாட்டினால் அந்தப் புள்ளி எர்த்தோடு குறுக்கிணைப்பாகும். மின்தடையின் இரு முனைக்கு நடுவே அளக்க வேண்டுமென்றால் இரண்டு புரோப்களை வைத்து ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்க வேண்டும். இதை முதல் வகுப்பிலேயே, கருவியைத் தொடும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

இயந்திரவியலிலும் கதை இதுதான். விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், 25 மில்லிமீட்டர் அகலமும் 1 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட எஃகு அளவுகோல் போதும். 200 மில்லிமீட்டர் வெளியே நீட்டியிருக்கும்படி மேசை விளிம்பில் அதை இறுக்கி, நுனியில் 100 கிராம் தொங்கவிடுங்கள். எஃகின் மீள்தகவு (பொருளின் விறைப்பு அளவு) 200 கிகாபாஸ்கல் என்று கொண்டால் நுனி 6.3 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். 8.6 இறங்கினால்? தடிமன் உண்மையில் 0.9 மில்லிமீட்டராக இருக்கக்கூடும். தடிமனின் மூன்றாம் அடுக்கில்தான் விறைப்பு அமைகிறது. பத்தில் ஒரு பங்கு தடிமன் குறைந்தால் கால் பங்குக்கும் மேல் விறைப்பு போய்விடும். மைக்ரோமீட்டரைக் கையில் எடுக்க இதைவிட நல்ல காரணம் மாணவருக்குக் கிடைக்காது. கவ்வி தளர்வாக இருந்தாலும் கூடுதலாக இறங்கும்.

இதையே, பொருளைச் சிறு துண்டுகளாக (எலிமென்ட்டுகளாக) பிரித்துக் கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட் மென்பொருளில் போட்டால் பிழை எதிர்ப்பக்கம் போகும். தடிமனை ஒரே அடுக்கு நேரியல் எலிமென்ட்டுகளால் நிரப்பினால் அளவுகோல் மிகையாக விறைத்து, 6.3இல் பாதிகூட இறங்காமல் நிற்கலாம். வளைவைப் பின்பற்றக்கூடிய இரண்டாம் படி எலிமென்ட்டுக்கு மாற்றினால் எண் சரியான இடத்துக்கு வந்துவிடும். கவ்வி மூலையில் தெரியும் தகைவு (பரப்பின்மேல் விழும் உள்விசை) மட்டும் மெஷ்ஷை, அதாவது அந்தத் துண்டுகளின் வலையை, நுணுக்க நுணுக்க ஏறிக்கொண்டே போகும், ஒருபோதும் நிலைக்காது. தகைவு மிக அதிகம் என்று மென்பொருள் சிவப்பாகக் காட்டும் அந்தப் புள்ளியைப் படம் பிடித்து 'இங்கே உடையும்' என்று எழுதும் அறிக்கைகள் ஏராளம். உண்மையில் அந்த இடத்தில் தகைவு 47 மெகாபாஸ்கல்தான் என்பதைக் கைக்கணக்கு இரண்டே வரியில் சொல்லிவிடும்.

இனி மதிப்பெண் பற்றி. மாணவர்கள் மதிப்பெண் இருக்கும் திசையில்தான் உழைப்பார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆகவே எதிர்பார்க்கும் எண்ணைக் கையால் எழுதிக் கொடுத்த பிறகே ஆய்வுக்கூடத்தில் அமர அனுமதிக்கலாம். மாணவர் எண்ணின் கடைசி இலக்கங்களைக் கொண்டு ஆளுக்கொரு மின்தடை மதிப்பைக் கொடுத்தால், பக்கத்து மேசையின் விடையோ செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுத்த அறிக்கையோ பயன்படாது. கணக்குக்கும் அளவீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்குவதற்கே மொத்த மதிப்பெண்ணில் பாதியை ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்கலாம். ஒரு பருவத்தில் பத்துச் சோதனைகள் இருந்தால் ஆறாகக் குறைக்கலாம். நான்கு போனால் போகட்டும். ஆறையும் நான்காம் படிவரை கொண்டுபோனால் போதும்.

செலவு ஒரு தடையாக இருக்க வேண்டியதில்லை. எல்டிஸ்பைஸ், மின்சுற்றுப் பலகை வரையும் கைகேட், முப்பரிமாண வடிவம் வரையும் ஃபிரீகேட் மூன்றும் இலவசம், வீட்டுக் கணினியிலும் ஓடும். கல்லூரி வளாகத்தில் மட்டும் திறக்கும் மென்பொருளைவிட, இரவு ஒன்பது மணிக்குச் சந்தேகம் வந்தால் உடனே திறந்து பார்க்க முடிகிற மென்பொருள் மாணவருக்கு அதிகம் உதவும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கல்லூரிகள் பொதுமக்களுக்குக் கதவைத் திறந்துவிடும் நாள்களில் புதுக் கருவிகளைப் பார்த்து மகிழ்வதோடு மூன்று கேள்விகளையும் கேளுங்கள். ஒரு மேசைக்கு எத்தனை மாணவர்கள்? இரண்டு பேர் என்றால் நல்லது, நான்கு என்றால் அதில் இருவர் வேடிக்கைதான் பார்ப்பார்கள். வகுப்பு முடிந்த பிறகும் ஆய்வுக்கூடம் திறந்திருக்குமா? அளவீடு கணக்கோடு ஒத்துப்போகாவிட்டால் மதிப்பெண் குறையுமா?

உங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் அந்த அளவுகோல் சோதனையை வெளியிட்டால் மகிழ்வேன். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளும் செய்யலாம். சமையலறைத் தராசில் நிறுத்த 100 கிராம் அரிசியைச் சிறு பையில் கட்டித் தொங்கவிட்டால் போதும். பையைத் தொங்கவிடும் முன் நுனி நிற்கும் உயரத்தை முதலில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அளவுகோல் தன் எடையாலேயே கொஞ்சம் வளைந்திருக்கும்.

இப்படிக்கு,
பொறியியல் பயிற்றுநர் ஒருவர்,
ஜூரோங் வெஸ்ட், சிங்கப்பூர்