ஊரில் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்

கிராண்ட் ஃபோர்க்ஸ், வடக்கு டகோட்டா
பிப்ரவரி 2026

அன்புள்ள அப்பாவுக்கு,

வசந்தி எழுதிக்கொள்வது. நான் இங்கே நல்ல சுகம். நீங்கள், அம்மா, கண்ணன், ஆச்சி எல்லோரும் நலமாக இருக்கக் கழுகாசலமூர்த்தி துணை.

உங்கள் கடிதம் பொங்கலுக்கு முன்பே வந்துவிட்டது. தீபாவளிக்கு எழுதியதற்கும் நான் பதில் போடவில்லை என்று உங்களுக்கு வருத்தம் என அம்மா சொன்னாள். போனில்தான் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கண்ணன் கேலி செய்வான். அவனுக்கென்ன தெரியும்? போனில் நீங்கள் “சாப்பிட்டியா, சரி, வச்சிரட்டா” என்பதோடு சரி. கடிதத்தில்தான் பேசுகிறீர்கள். இனி இழுத்தடிக்காமல் எழுதுகிறேன்.

டீக்கடையில் நடராஜன் சித்தப்பா கேட்டாராமே, “உம் மக அங்க டாக்டரா, டீச்சரா, கம்ப்யூட்டரா?” என்று. உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அது எனக்கு மனதில் கிடந்து உறுத்தியது. இப்படிச் சொல்லுங்கள்: கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு நாளன்று மரத்தடியில் ஒருவர் உட்கார்ந்திருப்பாரே, ஓடை ஆக்கிரமிப்புக்கு நமக்கு மனு எழுதிக் கொடுத்தாரே, என் மகளுக்கு அந்த வேலை என்று சொல்லுங்கள். சித்தப்பா சிரிப்பார், சிரிக்கட்டும். எனக்கு மரத்தடிக்குப் பதில் பல்கலைக்கழகத்தில் ஹீட்டர் போட்ட அறை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கே புரொபசருக்குச் சம்பளம் கொடுப்பதோடு பல்கலைக்கழகத்தின் வேலை பெரும்பாலும் முடிந்தது. ஆராய்ச்சி செய்யவும், அதற்கு ஆள் வைக்கவும், மாணவனுக்கு உதவித்தொகை கொடுக்கவும் அவர் வெளியே மனுப் போட்டுப் பணம் வாங்கி வரவேண்டும். அந்த மனுவை எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை. என்.எஸ்.எஃப். என்று ஓர் அரசு நிறுவனம், 1950-இல் ஆரம்பித்தது. மருத்துவம் தவிர மற்ற அறிவியலுக்கெல்லாம் பெரும்பாலும் அங்கேதான் போகவேண்டும். மருத்துவத்துக்கு என்.ஐ.எச். தனி. என்.எஸ்.எஃப்.க்கு அனுப்பும் மனுவின் முக்கியப் பகுதி 15 பக்கம். ஏரியல் எழுத்தானால் 10 புள்ளிக்குக் குறையக் கூடாது, டைம்ஸ் ஆனால் 11. தாளின் நாலு ஓரத்திலும் ஓர் அங்குலம் இடம் விடவேண்டும். அங்குல உயரத்துக்கு ஆறு வரிக்கு மேல் போகக் கூடாது. மீறினால் படிக்காமலே திருப்பி அனுப்பிவிடலாம். கடைசி நாள் மாலை ஐந்து மணி, மனுப் போடுகிற பல்கலைக்கழகம் இருக்கும் ஊர் நேரப்படி. ஐந்து மணி ஒரு நிமிடத்துக்கு அனுப்பினால் அந்த வருஷம் போச்சு. நாலு மணிக்கு மேல் எங்கள் ஆபீசில் யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள்.

மனுவை அதிகாரி மட்டும் பார்ப்பதில்லை. வேறு ஊர்ப் புரொபசர்கள் படித்து மார்க் போடுவார்கள். மிகச் சிறப்பு, ரொம்ப நன்று, நன்று, சுமார், மோசம் என்று ஐந்து தரம். “நன்று” வாங்கினவனுக்குப் பணம் வராது, அப்பா! நாலு மனுவில் ஒன்று தேறினால் அதிகம். தேறாத புரொபசர் என்னிடம் வந்து, ஏதோ நான்தான் அவரை ஃபெயிலாக்கியது மாதிரி உட்கார்ந்திருப்பார். காப்பி கொடுத்து, மார்க் போட்டவர்கள் எழுதியதைக் கூட உட்கார்ந்து படித்து, அடுத்த வருஷத்துக்குத் திருத்துவதும் என் வேலைதான்.

இதில் உங்களுக்குப் பிடிக்கிற கணக்கு ஒன்று இருக்கிறது. ஆராய்ச்சிக்கு நூறு டாலர் கேட்டால், கட்டிடம், கரண்டு, கணக்கு எழுதுகிற ஆள் என்று பல்கலைக்கழகம் அதற்கு மேல் ஒரு பங்கு சேர்த்துக் கேட்கும். நாற்பது, ஐம்பது சதவீதம், சில இடங்களில் அதற்கும் மேல். போன வருஷம் பிப்ரவரியில் என்.ஐ.எச். திடீரென்று அதை 15 சதவீதமாக்குகிறோம் என்று அறிவித்தது. வழக்குப் போட்டு நிறுத்தினார்கள். வசந்தத்தில் என்.எஸ்.எஃப். ஏற்கெனவே கொடுத்த மானியங்களில் ஆயிரத்துக்கு மேல் பாதியில் ரத்து செய்தது. சாங்ஷன் ஆன பணம் திரும்பிப் போவதை நீங்கள் தாலுகா ஆபீசில் பார்த்திருக்கிறீர்கள். நான் இந்த ஊரில்தான் முதல்முறை பார்த்தேன். பயப்படாதீர்கள், அதெல்லாம் மேல்மட்டத்து விஷயம்.

என் சம்பளமும் அப்படி ஒரு மானியத்தில்தான் வருகிறது. அது செப்டம்பரில் முடிகிறது. அதற்குள் வேறொன்று வந்துவிடும், இங்கே எல்லோருக்கும் இப்படித்தான். அம்மாவிடம் இந்த வரியை வாசிக்க வேண்டாம்.

குளிரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஜனவரியில் மைனஸ் முப்பதுக்குப் போனது. மூச்சை இழுத்தால் மூக்குக்குள் முடி விறைத்துக்கொள்ளும். இந்த ஊரில் கார்களின் முன்னால் வயர் தொங்கும், ராத்திரி பிளக்கில் சொருகி இன்ஜினைச் சூடாக வைக்கவேண்டும். நான் காரை விற்றுவிட்டேன், அதைக் கட்டி மேய்க்க முடியவில்லை. பஸ் இருக்கிறது. சனி, ஞாயிறும் ஆபீசுக்கே போய்விடுகிறேன், அங்கே ஹீட்டர் நன்றாக இருக்கும்.

கீழ் வீட்டுத் தாத்தாவைப் பற்றி அம்மாவிடம் போனில் சொல்லியிருக்கிறேன். நார்வேயிலிருந்து வந்த குடும்பம், மூன்று தலைமுறைக்கு முன்னால். எண்பது வயதுக்கு மேல். விடிகாலையில் எழுந்து எல்லோர் வாசல் பனியையும் வாரித் தள்ளுவார். நன்றி சொன்னால் கோபம் வந்துவிடும், முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். உருளைக்கிழங்கு மாவில் மெல்லிசாகச் சப்பாத்தி மாதிரி ஒன்று சுடுவார், லெஃப்சா என்று பேர். வெண்ணெயும் சர்க்கரையும் தடவிச் சாப்பிடவேண்டுமாம். நான் எலுமிச்சை ஊறுகாய் வைத்துச் சாப்பிட்டதைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் பேசவில்லை. அப்புறம் அவரே ஒரு கிண்ணத்தோடு வந்து ஊறுகாய் கேட்டார்.

இங்கே ஓடும் ரெட் ரிவர் வடக்கே கனடா பக்கம் ஓடுகிற ஆறு. தெற்கே பனி முதலில் உருகித் தண்ணீர் வரும், வடக்கே ஆறு இன்னும் உறைந்து கிடக்கும். போக வழியில்லாமல் ஊருக்குள் ஏறிவிடும். 1997 ஏப்ரலில் 49 அடி வரும் என்று சொன்னார்கள், 54 அடியைத் தாண்டியது. ஊரே காலி செய்து போனது. வெள்ளத்துக்கு நடுவே கடைத்தெருவில் தீப்பிடித்துப் பதினோரு கட்டிடம் எரிந்தது. தாத்தா தன் கராஜ் சுவரில் தண்ணீர் நின்ற இடத்தில் பெயிண்டால் கோடு போட்டு வைத்திருக்கிறார். அதற்குப் பிறகு அரசாங்கம் சொல்லும் எந்த எண்ணையும் அவர் நம்புவதில்லை. என் மானியம் வருமா என்று கேட்பார். நாலில் ஒன்று என்பேன். “அப்படியா சொல்றாங்க?” என்று கோட்டைப் பார்ப்பார்.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. பெரிய இந்தியக் கடைக்கு ஃபார்கோ போகவேண்டும், 130 கிலோமீட்டர். பனிக்காலத்தில் போவதில்லை. இந்த மாநிலத்திலேயே மைசூர் பருப்பும் கொண்டைக்கடலையும் விளைகிறது, விலையும் சல்லிசு. அதனால் தினமும் மைசூர் பருப்பு சாம்பார். உடம்புக்கு நல்லது என்கிறார்கள்.

புரொபசர்கள் மனு போக இன்னொரு வகை மனுவும் என் மேசைக்கு வரும். எனக்குப் பிடித்தது அதுதான். வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் வரும் பிள்ளைகள் பாதியில் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள அரசு பணம் தருகிறது. டியூஷன், எந்தப் பாடம் எடுப்பது என்று சொல்ல ஆள், உதவித்தொகை விண்ணப்பம் நிரப்ப உதவி, எல்லாம் அதில் உண்டு. ட்ரியோ திட்டங்கள் என்பார்கள். ஜனாதிபதி ஜான்சன் வறுமை ஒழிப்பு என்று ஆரம்பித்தபோது 1964-இல் ஒன்று, 65-இல் ஒன்று, 68-இல் ஒன்று என வந்தவை. பிஎச்.டி. வரை கொண்டுபோவதற்கு ஒரு திட்டம் பின்னால் சேர்ந்தது, 1986-இல் சேலஞ்சர் விண்கலத்தோடு இறந்துபோன ரொனால்ட் மெக்நேர் பேரில். அவர் தென் கரோலினாவில் ஒரு சின்ன ஊர்க் கறுப்பினப் பையன், இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கி விண்வெளிக்குப் போனவர்.

இந்தப் பணமும் சும்மா வராது. ஐந்து வருஷத்துக்கு ஒருதரம் மறுபடி போட்டி போடவேண்டும். எத்தனை பிள்ளைகள் அடுத்த வருஷத்துக்குத் தேறினார்கள், எத்தனை பேர் பட்டம் வாங்கினார்கள் என்று கணக்குக் காட்டவேண்டும். மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளாவது ஏழையாகவும் முதல் தலைமுறையாகவும் இருக்கவேண்டும், இல்லை உடல் ஊனமுற்றவர்களாக இருக்கவேண்டும்.

முதல் தலைமுறை என்றால் யார் என்பதில்தான் எனக்கு வயிற்றெரிச்சல். அப்பா அம்மா பட்டம் வாங்கியிருக்கக் கூடாது, அவ்வளவுதான் கேள்வி. அக்கா, அண்ணன் படித்திருந்தாலும் தடையில்லை. நமக்கு அப்படியா? முதல் பட்டதாரி சலுகை வந்த 2010-ஆம் வருஷமே எனக்குக் கிடைத்தது. வீட்டில் ஒரு பட்டதாரி ஆகிவிட்டாள் என்று கண்ணனுக்கு இல்லை என்றார்கள். அவன் கடன் வாங்கிப் படித்தான், இன்னமும் கட்டுகிறோம். இந்தச் சட்டம் அங்கே இருந்திருந்தால் என்று ஒவ்வொரு மனு எழுதும்போதும் நினைப்பேன். கண்ணன் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

போன மாதம் ஒரு பையன் படிவத்தோடு வந்தான். சர்க்கரை பீட்ரூட் போடுகிற விவசாயி வீட்டுப் பிள்ளை. அப்பா எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டார், அதை எழுதினால் அவருக்கு அசிங்கமா என்று கேட்டான். எட்டயபுரம் தாலுகா ஆபீசில் நீங்கள் “எட்டாம் வகுப்பு” என்று நிறுத்தி நிதானமாக, அந்த கிளார்க் பொறுமையிழக்கும் வரை அழகாக எழுதினீர்களே. அந்தக் கையெழுத்து அப்படியே கண்ணில் வந்துவிட்டது. எழுதப்பா, கொட்டை எழுத்தில் எழுது என்றேன். அவன் போனதும் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இன்னொன்றும் சொல்கிறேன், நீங்கள் நம்பமாட்டீர்கள். இந்த ஊர் மண் கரிசல், அப்பா. ஒரு காலத்தில் பனிப்பாறை உருகிப் பெரிய ஏரியாகக் கிடந்த இடமாம், வற்றிப்போனதும் அடி மண் கறுப்பாக, தட்டையாக, கண்ணுக்கெட்டிய வரை மேடு பள்ளமே இல்லாமல் விரிந்துவிட்டது. சூரியகாந்தி, பீட்ரூட், கோதுமை போடுகிறார்கள். போன ஏப்ரலில் பனி விலகியதும் ரோட்டோரம் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு கை அள்ளினேன். விரலில் ஒட்டிக்கொண்டு விடவில்லை. வாசனைகூட நம்ம கிழக்குப் புஞ்சையில் ஐப்பசி மழைக்கு அப்புறம் வருமே, அதேதான். அடுத்த பஸ் வரும்வரை அங்கேயே நின்றேன். ஊருக்கு வந்துவிடலாமா என்று அன்றைக்கு நினைத்தேன். அப்புறம் பஸ் வந்தது.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

போர் போடுவதை ஆடி வரை தள்ளி வையுங்கள். இப்போது போட்டால் தண்ணீர் மட்டம் சரியாகத் தெரியாது என்று நீங்களே சொல்வீர்கள் அல்லவா? கண்ணன் கடனுக்கு இந்த மாதம் பாதிதான் அனுப்பியிருக்கிறேன். வங்கியில் ஏதோ தாமதம். மீதியை அவனைக் கட்டச் சொல்லவேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன். மக்காச்சோளக் காப்பீட்டுப் பணம் வந்ததா என்று எழுதவில்லையே? படைப்புழு தின்றதற்கு போட்டோ எடுத்து வைத்திருக்கிறீர்கள்தானே, அதையும் அடங்கலையும் சேர்த்து வேளாண்மை ஆபீசில் கொடுங்கள். வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வராதீர்கள், நகலில் சீல் வாங்குங்கள். இது மனுக்காரி சொல்வது.

செல்வி சித்தி மகளுக்கு முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்க இப்போதே இ-சேவை மையத்தில் பதியச் சொல்லுங்கள், கவுன்சலிங் நேரத்தில் ஓடினால் கிடைக்காது. அவள் அரசுப் பள்ளிதானே, காலேஜ் சேர்ந்ததும் புதுமைப்பெண் ஆயிரம் ரூபாய்க்கும் கையோடு எழுதிப் போடட்டும். அவள் தம்பியும் இரண்டு வருஷத்தில் வருவான், சலுகையை யார் பேரில் வாங்குவது என்று சித்தி குழம்பினால் என்னிடம் பேசச் சொல்லுங்கள். எந்தப் படிப்புக்குக் கட்டணம் அதிகமோ அதைப் பார்த்து முடிவெடுக்கவேண்டும்.

பட்டா விஷயம்தான் எனக்குக் கவலை. தாத்தா பேரிலேயே இன்னும் எத்தனை வருஷம் வைத்திருப்பது? பெரியப்பா கையெழுத்துப் போடமாட்டேன் என்கிறாரா, இல்லை நீங்கள் கேட்கவே இல்லையா? போன கடிதத்தில் அந்த இடத்தை மழுப்பியிருந்தீர்கள். தனியாகப் போகாதீர்கள், கோவில்பட்டி மாமாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். பெரியம்மா இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள், அவர் இருந்தால் பெரியப்பா சத்தம் போடமாட்டார். வாரிசுச் சான்று, மூலப்பத்திரம் இரண்டையும் கண்ணனை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். விண்ணப்பத்தை நானே எழுதி அனுப்புகிறேன்.

அம்மா முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுத்தால் போதும், ஆபரேஷன் பேச்சு வேண்டாம்.

அன்பு மகள்,
வசந்தி

பி.கு.: ஆச்சி என் ஜாதகத்தைத் தரகரிடம் கொடுத்திருக்கிறாளாம், கண்ணன் சொன்னான். சண்டை போடாமல் திருப்பி வாங்கி வையுங்கள். அவனுக்கு வந்த கழுகுமலைப் பெண் வீட்டாருக்கு மட்டும் பங்குனிக்குள் ஒரு பதில் சொல்லிவிடுங்கள், பாவம், எத்தனை நாள் காத்திருப்பார்கள்.