ஃபோலி பலூன் வைத்த பிரசவங்களில் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

எங்கள் பிரசவ வார்டின் செவிலியர்களுக்கும், பணியாளர்களுக்கும், தாய்மார்களுக்கும், அவர்களுடன் இருந்த குடும்பத்தாருக்கும் வணக்கம்.

நாள் தாண்டியும் வலி வராதவர்களுக்கும், ரத்த அழுத்தம் ஏறி இனிக் காத்திருக்க முடியாதவர்களுக்கும் கர்ப்பப்பை வாயில் ஃபோலி கதீட்டர் (நுனியில் நீர் ஏற்றி ஊதும் பலூன் உள்ள மெல்லிய குழாய்) வைத்துப் பிரசவத்தைத் தொடங்குகிறோம். குழாயை வைப்பது சில நிமிட வேலைதான். அதற்கு முந்தைய ஏற்பாடும், அதற்குப் பின் வரும் பன்னிரண்டு மணி நேரமும் வேறு பலர் கையில் இருக்கின்றன. குழந்தை பிறந்ததும் இனிப்பு டப்பா டாக்டர் மேசைக்கு வந்துவிடுகிறது. மற்றவர்களுக்குச் சேர வேண்டியதை இங்கே எழுதுகிறோம்.

கிராம சுகாதாரச் செவிலியர்களே, முந்தைய சிசேரியன் ஆன பெண்ணை அனுப்பும்போது பழைய டிஸ்சார்ஜ் சீட்டையும் தேடி எடுத்துக் கையில் கொடுத்து அனுப்புகிறீர்கள். அந்தச் சீட்டு எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? வயிற்றின் மேல் தெரியும் தையலை வைத்து உள்ளே கர்ப்பப்பையில் எப்படி வெட்டினார்கள் என்று சொல்ல முடியாது. கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டியிருந்தால் ஃபோலியை யோசிக்கலாம். மேல்பகுதியில் நீளமாக வெட்டியிருந்தால் செயற்கையாக வலி வரவைப்பதே கூடாது.

ஸ்கேன் அறைக்கு ஒரு தனி நன்றி. "நஞ்சு மேலே இருக்கிறது" என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், நஞ்சுக்கொடியின் கீழ் விளிம்பு உள்வாயிலிருந்து (கர்ப்பப்பை வாயின் உள்பக்கத் திறப்பிலிருந்து) எத்தனை சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று எண்ணாகவே தருகிறீர்கள். 2 செ.மீ.-க்குள் இருந்தால் குழாய் நுனி நஞ்சில் போய் முட்டி ரத்தம் கொட்டலாம். அந்தப் பெண்ணுக்கு நாங்கள் ஃபோலி வைப்பதில்லை. தலை கீழே இறங்கியிருக்கிறதா, தலைக்கு முன்னால் தொப்புள்கொடி கிடக்கிறதா என்பதையும் நீங்கள் பார்த்துச் சொல்வதால்தான் தைரியமாகக் குழாயைக் கையில் எடுக்கிறோம்.

ஸ்டோர் பார்மசிஸ்ட்டுக்கும் சொல்ல வேண்டும். 16 அல்லது 18 சைஸ், 30 மி.லி. பலூன் என்று கேட்டால் அதையே தருகிறார். 5 மி.லி. பலூன் உள்ள குழாயில் 30 மி.லி. ஏற்றினால் உள்ளேயே வெடிக்கலாம். லேடெக்ஸ் அலர்ஜி உள்ளவர்களுக்காகச் சிலிக்கான் குழாயும் எப்போதும் கையிருப்பில் வைத்திருக்கிறார். பலூனில் ஏற்ற சலைனைவிட ஸ்டெரைல் வாட்டரே மேல்: சலைனில் இருக்கும் உப்பு வால்வு வழியில் படிந்து, பிறகு நீரை இழுக்க முடியாமல் போகலாம். அப்படி அடைத்துக்கொண்டால் வால்வு உள்ள கிளையை வெட்டிவிட்டால் பெரும்பாலும் நீர் தானாக வடிந்துவிடும். எப்படி இருந்தாலும், வைப்பதற்கு முன் ஒருமுறை ஊதிப் பார்ப்பதை யாரும் விட வேண்டாம்.

இனி, செவிலியர் சகோதரிகளுக்கு. பிஷப் ஸ்கோர் (கர்ப்பப்பை வாய் பிரசவத்துக்கு எவ்வளவு தயார் என்று காட்டும் மதிப்பெண்) 6 அல்லது அதற்குக் கீழே என்றதும் நாங்கள் கேட்பதற்கு முன்பே எல்லாம் தயாராக இருக்கும். சிறுநீர் கழிக்கச் சொல்லியிருப்பீர்கள், இருபது நிமிட சிடிஜி (குழந்தையின் இதயத் துடிப்புப் பதிவு) எடுத்து வைத்திருப்பீர்கள், ட்ரேயில் ஸ்பெகுலம், பெட்டாடின், ஸ்பாஞ்ச் ஹோல்டர், நீர் ஏற்றிய சிரிஞ்சு வரிசையாக இருக்கும். ஸ்பாஞ்ச் ஹோல்டரால் நுனியைப் பிடித்து, உள்வாயைத் தாண்டிக் குழாயை விட்டு, மெதுவாக 30 மி.லி. ஏற்றி, பலூன் உள்வாயில் வந்து உட்காரும்வரை லேசாக இழுத்து, தொடையின் உள்பக்கம் ஒட்டுகிறோம். வெயில் காலத்து வியர்வைக்குக் காகித டேப் நிற்காது. துணிப் பிளாஸ்திரிதான் நிற்கும் என்று காட்டியவர்கள் நீங்கள்.

குழாயில் லேபிள் ஒட்டும் வழக்கமும் உங்களுடையதுதான். "கர்ப்பப்பை வாய். சிறுநீர்க் குழாய் அல்ல. 30 மி.லி. காலை 8 மணி" என்று எழுதி ஒட்டுகிறீர்கள். டூட்டி மாறும்போது அடுத்து வருபவர் இதைச் சிறுநீர்க் குழாய் என்று நினைத்துப் பையை மாட்டக்கூடும். எவ்வளவு ஏற்றினோம் என்று தெரியாமல் பாதியை இழுத்துவிட்டு நிறுத்தவும்கூடும். அந்தச் சிறு காகிதம் அதற்கெல்லாம் இடம் வைப்பதில்லை.

சில இடங்களில் 60 மி.லி. ஏற்றுவதுண்டு. நேரம் கொஞ்சம் குறையும், சிசேரியன் குறைவதில்லை. குழாய் நுனியில் கனம் கட்டித் தொங்கவிட்டால் பலூன் சீக்கிரம் விழும், ஆனால் பிரசவமும் சீக்கிரம் ஆகிவிடுவதில்லை. அதனால் எங்கள் வார்டில் கனம் கட்டுவதில்லை. தொடையில் ஒட்டிய குழாய் தொய்ந்திருக்கிறதா என்று நீங்கள் அவ்வப்போது பார்ப்பதே போதும்.

தாய்மார்களே, பலூனை ஊதும்போது வலியை வாய்விட்டுச் சொன்னவர்களுக்கு எங்கள் மனமார்ந்த நன்றி. பலூன் சரியான இடத்தில் இருந்தால் மாதவிலக்கு வலிபோல ஒரு இறுக்கம் இருக்கும், அவ்வளவுதான். "கிழிக்கிற மாதிரி இருக்கு டாக்டர்" என்று ஒரு பெண் சொன்னால், பலூன் உள்வாயைத் தாண்டாமல் கர்ப்பப்பை வாய்க்குழலிலேயே விரிகிறது என்று அர்த்தம். ஏற்றியதை முழுக்க இழுத்துவிட்டு, குழாயை இன்னும் உள்ளே தள்ளி மறுபடி ஏற்றுவோம். நீங்கள் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டால் எங்களுக்கு இது தெரியவே தெரியாது.

உடனிருந்த அம்மாக்களும் மாமியார்களும் அக்காமார்களும் செய்ததைச் சாதாரணமாக எண்ண முடியாது. பலூன் இருக்கும்போது நடக்கலாம், சாப்பிடலாம், சிறுநீர் போகலாம் என்று சொன்னதை நம்பி, கையைப் பிடித்து வராந்தாவில் நடத்தினீர்கள். புடவை நனைந்தால் உடனே கூப்பிட்டீர்கள். பலூன் சில சமயம் குழந்தையின் தலையை மேலே தள்ளிவிடும். அப்போது பனிக்குடம் உடைந்தால் தொப்புள்கொடி முதலில் வெளியே வரலாம். அதனால்தான் நீர் போனதாகச் சொன்னதும் ஓடிவந்து, குழந்தையின் துடிப்பைப் பார்த்து, பலூனை எடுத்துவிடுகிறோம். சிவப்பாக ரத்தம், காய்ச்சல், குழந்தை அசைவு குறைதல், சிறுநீர் போக முடியாமை என்று எதைக் கண்டாலும் தயங்காமல் வந்து சொன்னீர்கள்.

எங்களுக்கு நேரில் தெரியாத சிலருக்கும் நன்றிக்கடன் உண்டு. நாக்பூரில் ரத்த அழுத்தம் உயர்ந்த 602 கர்ப்பிணிகள் ஒரு ஆய்வில் சேர்ந்தார்கள்; 2017-ல் லான்செட் இதழில் அது வெளியானது. வலி வரவைக்கும் மருந்தான மிசோபிரோஸ்டாலை 25 மைக்ரோகிராம் அளவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வாய்வழி எடுத்தவர்களில் 57 சதவீதம் பேருக்கும், ஃபோலி வைத்தவர்களில் 47 சதவீதம் பேருக்கும் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் சுகப்பிரசவம் ஆனது. ஃபோலியை விரும்பும் நாங்களும் இந்த எண்களை ஏற்றுக்கொள்கிறோம். எல்லோருக்கும் பலூன்தான் என்று நிற்பதில்லை. ஆனால் முந்தைய சிசேரியன் உள்ளவருக்கு, கர்ப்பப்பையின் பழைய தழும்பு பிரிந்துவிடும் ஆபத்து இருப்பதால், மிசோபிரோஸ்டால் கொடுக்கக் கூடாது. அங்கே இந்தக் குழாய்தான் துணை. அந்தத் தாய்மார்கள் ஒப்புக்கொண்டு சேர்ந்திராவிட்டால், யாருக்கு எதைத் தருவது என்பதை இவ்வளவு நிதானமாக முடிவுசெய்ய முடிந்திருக்காது.

கடைசியாக, ஆபரேஷன் தியேட்டருக்கும் ரத்த வங்கிக்கும். பலூன் தானாக விழுந்தால் கர்ப்பப்பை வாய் 3 அல்லது 4 செ.மீ. திறந்திருக்கும். அது பிரசவ வலி இல்லை, அதற்கான வழி மட்டுமே. பனிக்குடத்தை உடைத்து, வலியைக் கூட்டும் ஆக்சிடோசின் மருந்தை டிரிப்பில் தொடங்க வேண்டியவர்கள் நிறைய. பலூனுக்குப் பதிலாகக் கர்ப்பப்பை வாயை மென்மையாக்கும் ஜெல் வைத்தவர்களுக்கு டிரிப் போட ஆறு மணி நேரம் பொறுக்க வேண்டும். பலூனுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. பன்னிரண்டு மணி நேரத்தில் விழாவிட்டால் நீரை இழுத்து எடுத்துவிட்டு, மறுபடி பரிசோதித்து முடிவெடுப்போம். பழைய தழும்புள்ள பெண்ணுக்கு டிரிப் ஓடும் நேரம்தான் எங்களுக்கு மிகவும் பயமான நேரம். குழந்தையின் துடிப்பு இறங்கினாலோ, தாயின் நாடி ஏறினாலோ, வலிக்கு இடையிலும் தழும்பில் வலி நின்றாலோ, நாங்கள் போன் செய்து முடிப்பதற்குள் மேசையைத் தயார் செய்துவிடுகிறீர்கள். ரத்தம் குறுக்குப் பரிசோதனை (தாயின் ரத்தத்தோடு பொருந்துகிறதா என்று பார்ப்பது) முடிந்து பிரிட்ஜில் காத்திருக்கிறது. உங்கள் எல்லோருக்கும் எங்கள் நன்றி.

அன்புடன்,
பிரசவ வார்டு மருத்துவர்கள்